மிச்சம் 22 மீட்டர்

2024 செப்டம்பர் 27, வெள்ளிக்கிழமை. பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். சிட்னியின் மேற்குப் புறநகரான டூங்காபியில், அத்தை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். கராஜ் கதவு மூடியிருந்தது. அதைத் திறக்கும் ரிமோட் அத்தையின் காரில். அத்தை ஆஸ்பத்திரி டியூட்டியில். மாமாவுக்குப் போன் போட்டால், அது பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து அடிப்பது என் காதிலேயே விழுந்தது. மனிதர் போனை வீட்டில் வைத்துவிட்டு எங்கோ நடக்கப் போயிருக்கிறார்.

132 நாட்களுக்கு முன்னால் இதே கராஜிலிருந்துதான் கிளம்பினேன். அன்று ஓடோமீட்டரை மாமா தன் டைரியில் குறித்துவைத்தார். இன்று அதைக் கழித்துப் பார்த்தால் 16,212 கிலோமீட்டர். ஒரு கண்டத்தைச் சுற்றி வந்து, சிமென்ட் தரையில் ஹெல்மெட்டைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு நாய் வேலிக்குக் கீழே மூக்கை நுழைத்து மோந்து பார்த்துவிட்டுப் போனது. வரவேற்பு அவ்வளவுதான்.

எழுந்து உட்கார்ந்தபோதும் தரை ஓடிக்கொண்டே இருந்தது. பகல் முழுக்க வண்டி ஓட்டியவர்களுக்கு இது தெரியும். கண்ணை மூடினால் வெள்ளைக் கோடு வரும். காதில் காற்று இரையும். இடது கையில் சுண்டுவிரல் மரத்துப்போய்ப் பல வாரம் ஆகியிருந்தது. உடம்பைக் கேட்டால் பயணம் முடியவில்லை என்றுதான் சொல்லியிருக்கும். மனசைக் கேட்டால், அது முடிந்து பல நாளாகிவிட்டது என்றிருக்கும். அது எந்த இடத்தில் முடிந்தது என்றுகூடச் சொல்ல முடியும். அதற்கு முன்னால் அத்தைக்கும் மாமாவுக்கும் நடந்த சண்டையைச் சொல்லியாக வேண்டும்.

அப்பிரதட்சிணம்

ஆஸ்திரேலியாவை ஒரு சுற்று சுற்றிவருவதை அந்த ஊர்க்காரர்கள் 'பிக் லேப்' என்கிறார்கள். 1955-ல் அங்கங்கே இருந்த சாலைகளைக் கோத்து, 'ஹைவே 1' என்று ஒரே எண் கொடுத்தார்கள். கண்டத்தின் விளிம்பை ஒட்டி ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர். பெரிய நகரங்கள் பலவும் இந்த மாலையில்தான் தொங்குகின்றன. சங்கதி என்னவென்றால், நகரங்களெல்லாம் மாலையின் ஒரு பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். மற்ற பக்கத்தில் வெறும் நூல்தான்.

சுற்றுவதற்கு நாள் பார்க்க வேண்டும். வடக்கே மழைக்காலத்தில் மாட்டினால் ஆறுகள் சாலையை விழுங்கிவிடும். மே முதல் அக்டோபர் வரை அங்கே வறண்ட காலம். அந்த நேரத்தில் தெற்கே குளிர். நான் மே மாதம் சிட்னியிலிருந்து வடக்கே ஏறுவது என்று முடிவானது. பிரிஸ்பேன், டவுன்ஸ்வில், அங்கிருந்து உள்ளே திரும்பி மவுண்ட் ஐசா, கேத்ரின், கிம்பர்லி, ப்ரூம், பெர்த், பிறகு தெற்கு விளிம்பு வழியாகத் திரும்பல். வரைபடத்தை மேஜையில் விரித்து விரலால் ஓட்டிக் காட்டினேன்.

அத்தை தோசைக்கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார். "ஏண்டா, இது அப்பிரதட்சிணமா இல்ல வருது? கோயில்ல யாராவது இப்படிச் சுத்துவாங்களா? மொதல்ல மெல்பர்ன் பக்கம் போயி, வலமா வா."

மாமா ஓய்வுபெற்ற இன்ஜினீயர். திருச்சி பாய்லர் தொழிற்சாலையில் தொடங்கியவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பென்சிலை எடுத்தார். "இங்கே இடப்பக்கம்தான் ஓட்டணும். நீ எதிர்ச்சுற்றாப் போனா எப்பவும் உள் லேன்ல இருப்பே. வலமாப் போனா வெளி லேன். ரெண்டு லேனுக்கும் நடுவுல மூணரை மீட்டர் வெச்சுக்க. பாதை எப்படி வளைஞ்சு நெளிஞ்சு போனாலும் சரி, ஒரு முழுச் சுத்துக்கு வித்தியாசம் ரெண்டு பை டி. இருபத்திரண்டு மீட்டர் மிச்சம்."

"இருபத்திரண்டு மீட்டருக்குப் பெட்ரோல் எவ்வளவு ஆகும்?" என்றார் அத்தை.

மாமா அதையும் கணக்குப் போட்டார். நான் எதிர்ச்சுற்றாகவே கிளம்பினேன். கடல் எப்போதும் எனக்கு வலப்பக்கம் இருக்கும், அப்படிப் பார்த்தால் கடலை வலம் வருகிறேன் என்று அத்தையிடம் சமாதானம் சொன்னேன். அவர் அதை ஏற்கவில்லை. மேய்ஸ் ஹில் முருகன் கோயில் விபூதியை ஒரு பொட்டலமாக மடித்து டேங்க் பேக்கில் போட்டுவிட்டார்.

வண்டி, ஒரு மாணவனிடம் வாங்கிய பழைய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், 411 சிசி. ஒரகடம் பக்கம் பிறந்தது. 95-க்கு மேல் விரட்டினால் அதற்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது.

லிட்டரில் அளக்கும் தூரம்

டவுன்ஸ்வில் தாண்டி மேற்கே திரும்பியதும் எல்லாம் மாறியது. ஊர் என்ற சொல்லே அங்கே வேறு பொருளில் புழங்குகிறது. வரைபடத்தில் கொட்டை எழுத்தில் பெயர் போட்டிருக்கும். போய்ப் பார்த்தால் ஒரு பெட்ரோல் பம்ப், ஒரு சமையலறை, நாலு தங்கும் அறை, ஒரு தண்ணீர்த் தொட்டி. இதுதான் ரோடுஹவுஸ். அந்த வளாகத்தின் மக்கள்தொகை ஏழு பேர் இருக்கும், நாயைச் சேர்த்தால் எட்டு.

இரண்டே வாரத்தில் தூரத்தைக் கிலோமீட்டரில் நினைப்பதை விட்டுவிட்டேன். எல்லாம் லிட்டர் கணக்கு. டேங்க் 15 லிட்டர், பின்னால் கட்டிய கேனில் 5 லிட்டர். காற்று சும்மா இருந்தால் லிட்டருக்கு 29 கிலோமீட்டர், எதிர்க்காற்று என்றால் 23. ப்ரூமுக்குத் தெற்கே சாண்ட்ஃபயர் என்ற ரோடுஹவுஸ் இருக்கிறது. அதற்கு முந்தைய பம்புக்கும் இதற்கும் நடுவே 290 கிலோமீட்டர் அளவுக்கு ஒன்றுமே கிடையாது. சென்னையில் வண்டியை எடுத்து விழுப்புரம் தாண்டி, உளுந்தூர்ப்பேட்டை தாண்டி, பெரம்பலூரும் தாண்டும்வரை வழியில் ஒரு டீக்கடை இல்லை, ஒரு வீடு இல்லை, ஒரு ஆடு இல்லை என்று நினைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட அப்படித்தான்.

எந்த பம்பைப் பார்த்தாலும் நிறுத்தி நிரப்ப வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். டேங்க் முக்கால்வாசி நிறைந்திருந்தாலும் நிறுத்த வேண்டும். அடுத்த பம்பில் மின்சாரம் போயிருக்கலாம், லாரி வராமல் இருந்திருக்கலாம், கடையையே மூடியிருக்கலாம். கல்லாவில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி எல்லா இடத்திலும் ஒன்றுதான்: எந்தப் பக்கம் போகிறீர்கள்? பெயரை யாரும் கேட்கவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தவர் சொன்ன செய்தியை நமக்குக் கொடுத்து, நாம் பார்த்துவந்த செய்தியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். 140-ஆவது கிலோமீட்டரில் செத்த மாடு கிடக்கிறது. பாலத்தடியில் தண்ணீர் இல்லை. அகலமான பாரம் ஏற்றிய லாரி வருகிறது, ஒதுங்கிக்கொள்.

லாரி என்றா சொன்னேன்? 'ரோடு ட்ரெயின்' என்று பெயர். ஒரு இன்ஜினுக்குப் பின்னால் மூன்று டிரெய்லர், மொத்த நீளம் 53.5 மீட்டர் வரை. எதிரே வந்தால் முதலில் காற்று ஒரு சுவரைப்போல நெஞ்சில் மோதும், அடுத்த விநாடி உள்ளே இழுக்கும். அது பழகிவிடும். பழகாதது பின்னாலிருந்து வருவது. வடக்குப் பிரதேசத்தில் 2007 வரை திறந்த சாலையில் வேக வரம்பே கிடையாது. இப்போது பல இடங்களில் 130. அங்கே 90-ல் போகிறவன் ஒரு மாட்டுவண்டிக்காரன். கண்ணாடியில் ஒரு புள்ளி தெரியும், பத்து நிமிடத்தில் அது ஒரு கட்டடமாக வளரும். அவனை முந்தவிடுவதா, ஓரத்து ஜல்லியில் இறங்குவதா என்று நாம் முடிவு செய்யவேண்டும். நான் முதல் வாரம் மானம் பார்த்தேன். அடுத்த வாரத்திலிருந்து ஓரத்தில் நல்ல இடமாகப் பார்த்து நின்று, கையசைத்து அனுப்பினேன். சில ஓட்டுநர்கள் ஹாரனை ஒரு தட்டு தட்டி நன்றி சொல்வார்கள்.

ஹால்ஸ் க்ரீக்குக்கு முன்னால் பின் டயர் பஞ்சர். ஆணியைப் பிடுங்கிவிட்டு டயரோடு மல்லுக்கட்டிய முக்கால் மணி நேரத்தில் சாலையில் வந்தது மூன்றே வண்டி. மூன்றும் நின்றன. முதலாமவர் தண்ணீர் கொடுத்தார். இரண்டாமவரும் தண்ணீர் கொடுத்தார். மூன்றாவதாக வந்தது கேரவன் இழுத்துவந்த ஒரு வயதான தம்பதி. வேலை ஓய்வுபெற்றதும் வீட்டைப் பூட்டிவிட்டு வருடக்கணக்கில் இப்படிச் சுற்றுகிறவர்கள் அங்கே ஏராளம். நரைமுடி நாடோடிகள் என்று பொருள்படும்படி அவர்களுக்குப் பட்டப்பெயரே இருக்கிறது. பெரியவர் கம்ப்ரசரை எடுத்து மாட்டினார், பாட்டியம்மா மடக்கு நாற்காலியைப் போட்டு டீ ஊற்றினார். எதிர்ச்சுற்று கணக்கை நான் சொன்னதும் பெரியவர், தானும் அதை நம்பித்தான் இந்தப் பக்கமாக வந்ததாகச் சொன்னார். மாமாவின் கணக்கு அங்கே ஊரறிந்த நகைச்சுவை என்று அப்போதுதான் தெரிந்தது.

ஃபிட்ஸ்ராய் க்ராஸிங்கில் புத்தம்புதுப் பாலம். 2023 ஜனவரி வெள்ளத்தில் பழைய பாலம் உடைந்துபோனது. அந்த ஆண்டு டிசம்பருக்குள் புதியதைக் கட்டித் திறந்துவிட்டார்கள். அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் ஒரு பாலம் உடைந்தால் பக்கத்து ஊர் வழியாகச் சுற்றிப் போகலாம். அங்கே பக்கத்து ஊர் என்று ஒன்று கிடையாது. ஹைவே 1 அந்த இடத்தில் ஒற்றை நூல், அறுந்தால் அறுந்ததுதான்.

மரமில்லாத தேசம்

பெர்த்தில் பத்து நாள் ஓய்வு, சர்வீஸ், புது பின் டயர். செப்டம்பர் முதல் வாரம் நார்ஸ்மன் என்ற ஊரிலிருந்து கிழக்கே திரும்பினேன். முன்னால் இருந்தது நல்லர்போர் சமவெளி. லத்தீனில் மரமில்லாதது என்று பொருள். ஏதோ பழங்குடிச் சொல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரர் வைத்த லத்தீன் பெயர்தான். சுமார் இரண்டு லட்சம் சதுர கிலோமீட்டர் சுண்ணாம்புப் பாறை. தமிழ்நாட்டை அதில் தூக்கி வைத்தாலும் ஓரத்தில் இடம் மிஞ்சும். இதைக் கடக்கிற சாலைக்கு அயர் நெடுஞ்சாலை என்று பெயர். நார்ஸ்மனிலிருந்து போர்ட் அகஸ்டா வரை 1,600 கிலோமீட்டருக்கு மேல்.

எட்வர்ட் ஜான் அயர் 1841-ல் இந்தக் கரையோரமாக நடந்தே மேற்கே போனவர். அவரோடு வந்த ஜான் பேக்ஸ்டர் வழியில் கொல்லப்பட்டார். மிஞ்சிய துணை வைலி என்ற பழங்குடி இளைஞர் ஒருவர்தான். நீர் வற்றி, குதிரை செத்து, எஸ்பரன்ஸ் பக்கம் கடலில் நின்ற ஒரு பிரெஞ்சுத் திமிங்கில வேட்டைக் கப்பல்காரர்கள் சோறு போட்டதால் இருவரும் பிழைத்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் ஆல்பனி போய்ச் சேர்ந்தார்கள். நடந்தது இரண்டு பேர், சாலைக்கு ஒருவர் பெயர்தான். வழிநெடுக அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது உறுத்தியது.

இன்னொரு பெயரும் இந்தச் சாலையில் இல்லை. வினிஃப்ரெட் வெல்ஸ். சிட்னிப் பெண், வயது 22. 1950 டிசம்பர் 26 அன்று, கோடை உச்சத்தில், 350 சிசி ராயல் என்ஃபீல்டு புல்லட்டில் தனியாகக் கிளம்பினார். பெர்த் வரை போய் சிட்னி திரும்ப எடுத்துக்கொண்டது 21 நாள். தூரம் 5,504 மைல், அதாவது சுமார் 8,850 கிலோமீட்டர். அயர் நெடுஞ்சாலை முழுக்கத் தார் கண்டது 1976-ல்தான். அவர் போன காலத்தில் அது மண்ணும் கல்லும். அவர் ஓட்டியது இங்கிலாந்தில் செய்த வண்டி. 1955-க்குப் பிறகுதான் புல்லட் திருவொற்றியூர்க்காரன் ஆனது. 74 ஆண்டு கழித்து, வழவழவென்ற தார்ச்சாலையில், அவர் மூன்று வாரத்தில் முடித்ததைப் போல இரண்டு மடங்குக்கும் குறைவான தூரத்துக்கு நான்கு மாதம் எடுத்துக்கொண்டவன், இடுப்பு வலிக்கிறது என்று யாரிடம் சொல்வது?

பல்லடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் நடுவே 146.6 கிலோமீட்டருக்குச் சாலையில் ஒரு வளைவுகூட இல்லை. ஆரம்பத்தில் பலகை வைத்திருக்கிறார்கள். எல்லாரும் இறங்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பல்லடோனியாவில் ஒரு சின்னக் காட்சியகம் உண்டு. 1979-ல் அமெரிக்காவின் ஸ்கைலேப் விண்வெளி நிலையம் உடைந்து விழுந்தது இந்த வட்டாரத்தில்தான். எஸ்பரன்ஸ் உள்ளாட்சி மன்றம் குப்பை போட்டதற்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதம் தீட்டியது. 2009-ல் ஒரு அமெரிக்க வானொலிக்காரர் நேயர்களிடம் வசூலித்து அதைக் கட்டினார். எனக்கு இந்தச் சமவெளியின் குணம் முழுக்க அந்த ரசீதில் இருப்பதாகத் தோன்றியது.

நேர்ச்சாலையில் தூக்கம் வரும் என்று எல்லாரும் பயமுறுத்தியிருந்தார்கள். காரில் வரலாம். பைக்கில் வராது. குளிர்காற்று தெற்கே கடலிலிருந்து ஒரே சீராகத் தள்ளும், வண்டியைச் சாய்த்துப் பிடித்தால்தான் நேராகப் போகும். 146 கிலோமீட்டர் நேர்ச்சாலையை வலப்பக்கம் சாய்ந்தபடியே கடந்தேன். நடுவே ஓரிடத்தில் சாலை அகன்று, தரையில் விமான ஓடுபாதைக் கோடுகள் தெரிந்தன. பறக்கும் மருத்துவர் சேவையின் விமானம் அவசரத்துக்கு நெடுஞ்சாலையிலேயே இறங்கும். ஜூன் மாதம் க்ளான்கரியில் அந்தச் சேவை பிறந்த இடத்தைப் பார்த்திருந்தேன். 1928 மே 17-ல் முதல் விமானம் கிளம்பியது அங்கிருந்துதான். தொடங்கிய ஜான் ஃப்ளின் பாதிரியாரின் படம் இன்று இருபது டாலர் நோட்டில் இருக்கிறது. க்ளான்கரியில் அது ஒரு நல்ல கதையாக இருந்தது. இங்கே அந்த வெள்ளைக் கோடுகளின் மேல் தனியாக வண்டி ஓட்டியபோது வயிற்றைக் கொஞ்சம் கலக்கியது.

பயப்பட வேண்டியது கழுகுக்கு. கங்காரு அந்தியிலும் விடியலிலும் வரும். அந்த நேரத்தில் ஓட்டாமல் இருந்தால் தீர்ந்தது. ஆப்புவால் கழுகு பட்டப்பகலில், லாரி அடித்துப்போட்ட கங்காருவின் மேல் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும். இறக்கையை விரித்தால் இரண்டு மீட்டருக்கு மேல். வயிறு நிறைந்த கழுகு சட்டென்று எழும்பாது. காற்றை எதிர்த்து, தத்தித் தத்தி, நம் முகத்துக்கு நேராகத்தான் ஏறும். காக்கிள்பிடிக்குப் பக்கத்தில் ஒன்று என் ஹெல்மெட்டுக்கு ஒரு கை உயரத்தில் போனது. அதன் நிழல் டேங்கின் மேல் விழுந்து நகர்ந்தது. அதற்குப் பிறகு, தூரத்தில் கறுப்பாக எது தெரிந்தாலும் 40-க்கு இறங்கிவிடுவேன். பாதி நேரம் அது வெடித்த டயராக இருக்கும்.

அடுத்த நிறுத்தத்தின் பெயர் மதுரா. வெறும் 'ஐ' ஒன்றுதான் குறை. சும்மா சிரித்துவிட்டுப் போக நினைத்தேன். ஆனால் 1876-ல் இந்த இடம் உருவானதே இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படைக்குக் குதிரை வளர்க்கத்தான் என்று தெரிந்தபோது சிரிப்பு நின்றது. இங்கே பழக்கிய குதிரைகளை யூக்ளாவில் கப்பலேற்றி அனுப்பினார்களாம். அந்த யூக்ளாவில் பழைய தந்தி நிலையம் மணல்மேட்டுக்குள் புதைந்து கிடக்கிறது, சுவர்கள் மட்டும் வெளியே. அங்கே கடிகாரமும் தனி. கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவே முக்கால் மணி நேரக் கணக்கில் தங்களுக்கென்று ஒரு நேரம் வைத்திருக்கிறார்கள். அதைப் பின்பற்றுகிறவர்கள் சாலையோரத்துச் சில ரோடுஹவுஸ்காரர்கள் மட்டுமே. நான் எட்டு மணிக்குப் போய்ச் சாப்பாடு கேட்டேன். சமையலறை மூடிவிட்டது, மணி எட்டே முக்கால் என்றார்கள்.

மாநில எல்லையைத் தாண்டியதும் சமவெளி திடீரென்று அறுந்து கடலில் விழுகிறது. கத்தியால் கேக் வெட்டியதுபோலச் செங்குத்துப் பாறை, கீழே கடல். ஹெட் ஆஃப் பைட் என்ற இடத்தில் பலகைப் பாலத்தில் நின்று பார்த்தால் தாய்த் திமிங்கிலங்கள் குட்டியோடு கரைக்குப் பக்கத்திலேயே மிதக்கின்றன. ஜூனிலிருந்து அக்டோபர் வரை இது அவற்றின் பிரசவ வீடு. மூன்று மணி நேரம் நின்றேன். அவை பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. நானும்தான்.

விரல் நின்ற இடம்

இந்தச் சாலைகளில் ஒரு வழக்கம் உண்டு. எதிரே வருகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல், ஆள்காட்டி விரலை மட்டும் ஒரு தூக்குத் தூக்குவார். வணக்கம், உயிரோடு இருக்கிறாயா, சரி போ. இவ்வளவும் அந்த ஒரு விரலில் அடக்கம். நான் கிளட்ச் கையின் விரலைத் தூக்குவேன். நல்லர்போரில் விரல் தூக்காத வண்டி அரிது.

சிடூனாவில் பழச் சோதனைச் சாவடி. பழ ஈ பரவாமல் இருக்க, மேற்கிலிருந்து வருகிறவர்களிடம் பழம், காய் எல்லாவற்றையும் வாங்கிப் போட்டுவிடுவார்கள். என்னிடம் மூன்று ஆரஞ்சு இருந்தது. இரண்டை அதிகாரியின் கண்முன்னே நின்று தின்றேன். மூன்றாவது உள்ளே போகவில்லை, கொடுத்துவிட்டேன்.

போர்ட் அகஸ்டாவில் நுழைந்ததும் எதிரெதிரே இரண்டு பெட்ரோல் பங்க். முதல் பங்கில் கூட்டம். தாண்டிப் போய்விட்டேன். இரண்டாவதில் விலை கொஞ்சம் கூட, அதையும் தாண்டினேன். சிக்னலில் நின்றபோதுதான் என்ன செய்தேன் என்பது உறைத்தது. இந்தப் பயணத்தில் எத்தனையோ பங்குகளைத் தாண்டியிருக்கிறேன், கிழக்குக் கரையில், பெர்த்தில். ஆனால் அப்போதெல்லாம் முன்னால் ஒரு வெறுமை காத்திருக்கிறது என்பது மனசின் ஓரத்தில் இருந்துகொண்டே இருக்கும். இனி அது இல்லை. இங்கிருந்து சிட்னி வரை பங்குகள்தான், டிராஃபிக் விளக்குகள்தான். எதிரே வந்த காருக்கு விரலைத் தூக்கினேன். அந்த ஓட்டுநர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடப்பக்கம் ஆலிஸ் ஸ்ப்ரிங்ஸ், டார்வின் என்று அம்புக்குறி போட்ட பலகை. அந்த வழியில் போனால் உலுரு பாறை, ஒரு வழிக்கே 1,200 கிலோமீட்டருக்கு மேல். ஆஸ்திரேலியா வந்துவிட்டு அதைப் பார்க்காமல் போகிறவனை மன்னிக்க மாட்டார்கள். பலகையின் கீழே வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் யோசித்தேன். போகவில்லை. காசு ஒரு காரணம். இன்னொன்று, முடிந்துவிட்டது என்று தோன்றிய பிறகு எதையாவது சேர்த்து ஒட்டவைப்பது எனக்குப் பிடிக்காது.

மிச்சமிருந்த இரண்டாயிரம் கிலோமீட்டரில் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: டயர். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நேராகவே ஓடினால் பின் டயர் நடுவில் மட்டும் தேயும். உருண்டையாக இருக்கவேண்டியது சதுரமாகிவிடும். பெர்த்தில் போட்ட புது டயரும் மெல்பர்னை நெருங்குவதற்குள் நடுவில் தட்டை. அந்த டயரோடு கிரேட் ஓஷன் ரோட்டில் ஏறினேன். முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் 1919 முதல் 1932 வரை வெட்டிய 243 கிலோமீட்டர் சாலை. செத்துப்போன தோழர்களுக்கு அவர்கள் எழுப்பிய நினைவுச்சின்னமே அந்தச் சாலைதான். ஒருபக்கம் மலை, ஒருபக்கம் கடல், பைக்காரனுக்குச் சொர்க்கம் என்பார்கள். வளைவில் சாய்த்தால் சதுர டயர் முதலில் மறுக்கும், பிறகு விளிம்பு தாண்டிச் சட்டென்று விழும். ஒவ்வொரு வளைவிலும் நெஞ்சு ஒருமுறை நின்று வந்தது. பின்னால் வந்த பள்ளி ஆசிரியர் மாதிரி இருந்த ஒரு பெண் பெரிய பைக்கில் என்னை முந்திப்போய், அடுத்த பார்க்கிங்கில் காத்திருந்து, உனக்கு ஓட்டத் தெரியாதா என்று அக்கறையாகவே கேட்டார். பதினாலாயிரம் கிலோமீட்டர் ஓட்டியவன் என்று சொல்ல வாயெடுத்தேன். டயரைக் காட்டினேன். குனிந்து தடவிப் பார்த்துவிட்டு, "நல்லர்போர்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கடைசி நாள் காலை உல்லன்காங் தாண்டி, பாறையை விட்டு விலகிக் கடலுக்கு மேலேயே வளைந்து போகிற ஸீ க்ளிஃப் பாலத்தில் ஏறி இறங்கினேன். அதன்பிறகு சிட்னி என்னை வாங்கிக்கொண்டது. நியூ சவுத் வேல்ஸில் 2014-லிருந்து பைக்குகள் 30 கிலோமீட்டர் வேகத்துக்குள் நிற்கும் கார்களுக்கு நடுவே புகுந்து போகலாம், சட்டப்படி. கோயம்பேட்டில் கற்ற வித்தைக்கு இங்கே சட்ட அங்கீகாரம்! பரமட்டா சாலையில் கார்களுக்கு நடுவே நெளிந்து போகையில், பழக்கதோஷத்தில் எதிரே வந்த ஒரு டாக்சிக்கு விரலைத் தூக்கித் தொலைத்தேன். அவரும் பதிலுக்கு ஒரு விரல் காட்டினார். அது வேறு விரல்.

பழம்

அத்தை ஐந்தரை மணிக்கு வந்தார். ரிமோட்டை அமுக்காமல் காரிலிருந்து இறங்கி ஓடிவந்து, கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். "என்னடா இது, கருவாடா வந்து நிக்கிறே?" உள்ளே போய் ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் தேடினார். சுண்ணாம்பு இல்லை. அதற்குள் மாமா நடந்து வந்து சேர்ந்தார். என்னைப் பார்க்கும் முன் ஓடோமீட்டரைப் பார்த்தார்.

இரவு ரசம் சாதம். நான்கு மாதமாக உருளைக்கிழங்கு சிப்ஸும் பர்கரும் கண்ட வயிறு அதை நம்பவே இல்லை.

"சரி, இவ்ளோ தூரம் போயி என்னதான் பாத்தே?" என்றார் அத்தை.

"ஒண்ணுமில்ல, அத்தை. நிறைய ஒண்ணுமில்ல. மைல் மைலா ஒண்ணுமில்ல."

"அந்தச் செவப்புப் பாறை?"

"போகல."

அத்தை மாமாவைப் பார்த்தார். சிடூனாவில் ஆரஞ்சைப் பிடுங்கிக்கொண்ட கதையைச் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "உலகத்தைச் சுத்தி வந்தவனுக்குப் பழம் கெடைக்காதுன்னு நம்மாளுக்கே தெரியும். அன்னிக்கே வலமாப் போன்னு சொன்னேன்ல?" முருகனும் மயிலில் சரியான திசையில்தான் போயிருப்பார், அவருக்கும்தான் பழம் கிடைக்கவில்லை என்றார் மாமா. அத்தை அதற்குப் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை என்னை மேய்ஸ் ஹில்லுக்கு அழைத்துப்போய் மூன்று சுற்றுக்குப் பதில் ஒன்பது சுற்று நடக்கவைத்தார், வலமாக.

அடுத்த வாரம் வண்டியை விற்றாக வேண்டும். இரண்டு நாள் கழுவினேன். பிரஷ், டூத்பிரஷ், கார் கழுவும் தண்ணீர்த் துப்பாக்கி எல்லாம் போட்டும் ஹெட்லைட்டுக்குள்ளும் சீட்டுக்கு அடியிலும் கிம்பர்லி மண் செக்கச்செவேலென்று உட்கார்ந்திருந்தது. டேங்க் பேக்கில் விபூதிப் பொட்டலம் பிரிந்து அதுவும் அந்த மண்ணோடு கலந்திருந்தது. அதைத் துடைக்க மனசு வரவில்லை.

வந்தவன் ஒரு நேபாளிப் பையன். கல்லூரியில் படித்துக்கொண்டே, இரவில் பரமட்டாவில் சாப்பாடு டெலிவரி செய்கிறவன். வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டருக்கு மேல் எங்கும் போக மாட்டேன் என்றான். சீட்டைத் தூக்கிப் பார்த்தான். விரலில் ஒட்டிய மண்ணைப் பார்த்தான். பின் டயரைத் தடவினான். 4,200 டாலர் சொன்னதில் மண்ணுக்கு நூறும் டயருக்கு நூறும் குறைக்கச் சொன்னான். சரியான கணக்குத்தான், மறுக்க முடியவில்லை.

ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டான். சாவியைக் கொடுத்தேன். நானும் அத்தையும் மாமாவும் வாசலில் நின்றோம். வண்டி தெருமுனை வரை போய் இடப்பக்கம் திரும்பி மறைந்தது. அடுத்த முனையிலும் இடப்பக்கம் திரும்பும் சத்தம் கேட்டது. கிளட்ச்சைக் கொஞ்சம் இழுத்து விடுகிறான், பழகிவிடுவான். இரண்டு நிமிடத்தில் தெருவின் மறுகோடியிலிருந்து வந்து எங்கள் முன்னால் நின்றான்.

அத்தை மாமாவிடம் திரும்பிச் சொன்னார்: "இவனும் அப்பிரதட்சிணமாத்தான் சுத்துறான்."